தரங்கம்பாடிக் கரையில் ஒரு கூட்டு ஊழியப் பயிற்சி: சபைப் பொருளாளர் ஒருவரின் மதிப்பீடு

வெளிநாட்டுத் திருச்சபைகளோடு தொடர்பு வைத்திருக்கும் டெல்டா மாவட்டச் சபைகளுக்காகவும், வட இந்தியாவுக்கு மிஷனெரிகளை அனுப்பித் தாங்கும் ஜெபக் குழுக்களுக்காகவும் தரங்கம்பாடிக்கு அருகே ஆண்டுதோறும் நடத்தப்படும் பயிற்சி முகாமில், எங்கள் சேகரத்தின் (ஒரு போதகரின் கீழ் உள்ள பல சபைகளின் தொகுதி) பொருளாளர் என்ற முறையில் இந்தத் தை மாதம் கலந்துகொண்டேன். போதகர் ஐயாவும், கிளைச் சபை ஒன்றைக் கவனிக்கிற, குருப்பட்டம் பெறாத ஊழியரான உபதேசியாரும் உடன் வந்திருந்தனர். பண்பாடும் மொழியும் பணபலமும் வேறுவேறாக இருக்கும் இரண்டு சபைகள் ஒரே ஊழியத்தைச் சேர்ந்து செய்வது எப்படி என்பதே பயிற்சியின் பொருள். நடத்துகிறவர்களின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. குறைகளையும் சொல்ல வேண்டியிருக்கிறது. தவிர, இதே போன்ற பயிற்சிகள் இப்போது பல இடங்களில் நடப்பதால், எதைப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதுதான் வாசகருக்குக் கூடுதலாகப் பயன்படும்.

தங்குமிடத்தைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. அறைகள் சுத்தமாக இருந்தன. மதியச் சாப்பாட்டில் மீன் குழம்பு நன்றாக இருந்தது. இரவில் கடற்காற்று இருந்ததால் மின்விசிறி நின்றபோதும் தூங்க முடிந்தது. கட்டணத்தை நிர்ணயித்த முறை மட்டும் தனியாகப் பாராட்டத் தக்கது. கிராமச் சபை ஊழியருக்கு ஒரு கட்டணம், நகரச் சபைக்கு அதைவிடக் கூடுதல், வெளிநாட்டிலிருந்து வருகிற பங்காளருக்குப் பல மடங்கு கூடுதல் என்று வைத்து, அந்த மூன்றையும் ஒரே அறிவிப்புத் தாளில் எல்லோரும் பார்க்கும்படி அச்சிட்டிருந்தார்கள். யாருடைய பணத்தில் யார் சாப்பிடுகிறார்கள் என்பது முதல் நாளே வெளிப்படையாக இருந்தது.

முதல் நாள் முழுவதும் தரங்கம்பாடிக்குள்ளேயே நடந்தது. 1620-இல் தஞ்சை இரகுநாத நாயக்கரோடு செய்துகொண்ட உடன்படிக்கையின் பேரில் டேனியர் கட்டிய கோட்டை, 1718-இல் பிரதிஷ்டை செய்யப்பட்ட புதிய எருசலேம் ஆலயம், ஜெர்மனியின் ஹாலே நகரத்தில் உள்ள பிராங்கே நிறுவனமும் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையும் சேர்ந்து புதுப்பித்து 2017-இல் அருங்காட்சியகமாகத் திறந்த சீகன்பால்க் வீடு ஆகிய மூன்றுக்கும் அழைத்துச் சென்றார்கள். இந்த இடங்களுக்கு நம்மில் பலர் பிள்ளைகளோடு ஒருமுறையாவது போயிருப்போம். ஆனால் 1706 ஜூலை 9 அன்று முதல் புராட்டஸ்டன்ட் மிஷனெரிகளான சீகன்பால்க்கும் புளூட்சௌவும் கரையிறங்கிய கதையைக் கூட்டு ஊழியத்தின் கதையாக ஒருவர் சொல்லி நான் கேட்டது இதுவே முதல் தடவை. அனுப்பியவர் டென்மார்க் அரசர் நான்காம் பிரெடெரிக். வந்தவர்கள் ஜெர்மானியர்கள். அச்சு இயந்திரத்தை அனுப்பியது லண்டனில் இருந்த ஆங்கிலிக்கன் சங்கம். தமிழ் எழுத்துகளை வார்த்து அனுப்பியது ஹாலே. அந்த எழுத்துகள் அளவில் பெரியனவாக இருந்து காகிதத்தை விழுங்கியதால், சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்துக்கொண்டார்கள்; காகிதத் தட்டுப்பாட்டைச் சமாளிக்கப் பொறையாற்றில் காகித ஆலை ஒன்றையும் தொடங்கினார்கள். 1714-இலும் 1715-இலுமாகத் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சேறியதற்குப் பின்னால் மூன்று நாடுகளும் இரண்டு சபைப் பிரிவுகளும் இருந்தன. இவற்றோடு, தமிழ் கற்றுக்கொடுத்த முதிய ஆசிரியரும், அவரிடம் மணலில் எழுதிப் பழகிய பிள்ளைகளும், மொழிபெயர்ப்பாளர் அழகப்பனும் இருந்தார்கள். பிள்ளைகளோடு சேர்ந்து உட்கார்ந்து மணலில் எழுதித்தான் சீகன்பால்க்கும் தமிழ் கற்றார்.

பெருமை பேசுவதோடு பயிற்சியாளர் நிறுத்தவில்லை. அந்தக் கூட்டு எங்கெங்கே விரிசல் கண்டது என்பதற்குத்தான் அதிக நேரம் கொடுத்தார். அரசர் ஒரு நாட்டில் உட்கார்ந்து ஆணையிட்டாலும், கோட்டையில் இருந்த வணிகக் கம்பெனியின் தளபதிக்கு இந்த ஊழியம் இடைஞ்சலாகவே தோன்றியது; 1708-இன் இறுதியில் சீகன்பால்க்கைப் பிடித்து நான்கு மாதம் சிறையில் வைத்தார். 1714-இல் டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனில், இந்த ஊழியத்தை மேற்பார்க்கும் மிஷன் குழு அமைந்தது. அதன் செயலர் கிறிஸ்தியான் வெண்ட், ஊழியர்கள் அப்போஸ்தலரைப் போல எளிமையாகச் சுற்றித் திரிந்து பிரசங்கிக்க வேண்டுமே தவிர, ஆலயக் கட்டடத்துக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் பணத்தைச் செலவிடலாகாது என்று கண்டித்து எழுதினார். தரங்கம்பாடியின் மழையையும் வெயிலையும், பள்ளியில் சோறு போட்டு வைத்திருந்த பிள்ளைகளையும் அவர் பார்த்ததில்லை. கப்பலில் ஒரு கடிதம் போய்ப் பதில் வர ஒரு வருடத்துக்கு மேல் ஆகும் காலத்தில் அந்தக் கண்டனங்கள் எவ்வளவு கனத்திருக்கும் என்பதை நினைத்துப் பார்க்கலாம். சீகன்பால்க் 1719 பிப்ரவரி 23 அன்று முப்பத்தாறு வயதில் இறந்தார். அவரோடு உழைத்த கிருண்ட்லர் அடுத்த ஆண்டே இறந்தார். தமிழர் வழிபடும் தெய்வங்களைப் பற்றிச் சீகன்பால்க் 1713-இல் எழுதி முடித்த விரிவான கையெழுத்துப் படியை ஹாலேயில் இருந்தவர்கள் அச்சிட விரும்பவில்லை. அது 1867-இல் சென்னையில்தான் அச்சேறியது. அனுப்பியவர்களுக்கு எண்ணிக்கை தேவைப்பட்டது. இங்கே இருக்கிற மனிதர்கள் எப்படிச் சிந்திக்கிறார்கள் என்ற செய்தி தேவைப்படவில்லை. இந்த நோய் இன்றைக்கும் தீர்ந்துவிடவில்லை என்பதை, ஆண்டறிக்கை எழுதுகிற எந்தப் பொருளாளரும் அறிவார்.

ஆலயத்தின் வாசலில் நிற்கும்போது பயிற்சியாளர் ஒரு கணக்கைச் சொன்னார். முதல் இந்திய லுத்தரன் குருவாக ஆரோன் 1733-இல் குருப்பட்டம் பெற்றார். தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை 1919-இல் தன்னாட்சித் திருச்சபையாக உருவானது. ஆனால் தரங்கம்பாடிப் பேராயர் பதவியில் ராஜா பு. மாணிக்கம் என்ற தமிழர் அமர்ந்தது 1956-இல். முதல் மிஷனெரிகள் கரையிறங்கி இருநூற்றைம்பதாவது ஆண்டில்தான் அது நடந்தது. பாடுவதற்கும், உபதேசிப்பதற்கும், இறப்பதற்கும் உள்ளூர் ஆட்கள் தொடக்கத்திலிருந்தே இருந்தார்கள். தீர்மானிக்கிற நாற்காலி வந்து சேர இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது. இந்த ஒரு நாளுக்காக மட்டுமே கட்டணத்தைக் கொடுக்கலாம் என்பது என் கருத்து.

பணத்தைப் பற்றிய பாடம் பயிற்சியின் இரண்டாவது பலம். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தில் 2020 செப்டம்பரில் வந்த திருத்தத்துக்குப் பிறகு நம் சபைகளில் ஏற்பட்டிருக்கும் குழப்பம் கொஞ்சமல்ல. வெளிநாட்டுப் பணம் முழுவதும் முதலில் புதுடெல்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்குக்குத்தான் வர வேண்டும். நிர்வாகச் செலவுக்கு முன்பு பாதி வரை எடுத்துக்கொள்ளலாம் என்று இருந்தது இப்போது 20 சதவீதமாகக் குறைந்துவிட்டது. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தப் பணத்தைப் பெற்ற அமைப்பு அதை இன்னொரு அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கவே முடியாது. பெரிய திருச்சபை வாங்கிச் சிறிய சங்கங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பழைய நடைமுறை இதனால் நின்றுபோனது. இதையெல்லாம் தணிக்கையாளர் ஒருவர் வந்து, சட்டப் பிரிவுகளை ஒப்பித்துவிட்டுப் போகாமல், சபைகளில் தினமும் எழுகிற கேள்விகளைக் கொண்டு விளக்கினார்.

உதாரணமாக, நம் பக்கத்தில் சிங்கப்பூரில் இருக்கிற உறவினர் இல்லாத சபைக் குடும்பம் குறைவு. இந்தியக் கடவுச்சீட்டோடு அங்கே வேலை பார்க்கும் மகன் தன் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக ஆலயப் பழுதுபார்ப்புக்கு அனுப்பினால் அது இந்தச் சட்டத்தின்படி வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அதே மகன் சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிய பிறகு கொடுத்தால் ஆகும். விருந்தினராக வந்த ஜெர்மன் தம்பதியர் ஞாயிறு ஆராதனையில் காணிக்கைப் பையில் ரூபாய் நோட்டைப் போட்டாலும், கொடுத்தவர் வெளிநாட்டவர் என்பதால் அது வெளிநாட்டு நன்கொடைதான். இந்தச் சட்டத்தின்கீழ்ப் பதிவு இல்லாத சபை அதை எப்படிக் கையாள்வது, விருந்தினரிடம் முன்கூட்டியே எப்படி மரியாதை குறையாமல் சொல்வது என்று அரை மணி நேரம் பேசினார்கள். சுற்றுலா விசாவில் வந்தவரை மேடையேற்றிப் பிரசங்கிக்கச் செய்வது அவருக்கும் நமக்கும் எவ்வளவு பெரிய சிக்கல் என்பதையும் தெளிவாகச் சொன்னார்கள். அன்பு இருந்தால் போதும், காகிதம் எதற்கு என்று நினைக்கிறவர்கள் நம் சபைகளில் நிறையப் பேர். வெளிநாட்டு நன்கொடையின் ஆண்டுக் கணக்கை டிசம்பர் 31-க்குள் தாக்கல் செய்யத் தவறினால் அந்த அன்பு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் மதிய உணவைக் காப்பாற்றாது.

இந்தப் பாடத்தின் இரண்டாம் பகுதி ஒப்பந்தம் எழுதுவது. தொகை எவ்வளவு, எத்தனை ஆண்டு, எந்த ஆண்டிலிருந்து குறைந்துகொண்டே வரும், கணக்கை யார் யாருக்குக் காட்டுவார்கள், கருத்து வேறுபாடு வந்தால் யார் முன்னிலையில் பேசுவது, கூட்டு முடிவுக்கு வரும்போது பணியாளர்களின் சம்பளம் என்ன ஆகும் என்று ஒவ்வொன்றாக எழுதச் சொன்னார்கள். வெளிநாட்டுச் சபையும் தன் கணக்கை நமக்குக் காட்ட வேண்டும் என்ற பிரிவை அவர்கள் மாதிரியிலேயே சேர்த்திருந்தது எனக்கு மிகவும் பிடித்தது. நம் ஊர்ப் பிள்ளைகளின் படத்தைக் காட்டி அங்கே எவ்வளவு திரட்டினார்கள், அதில் எவ்வளவு இங்கே வந்தது என்று கேட்கும் உரிமை நமக்கு இருக்கிறது என்பதை இதற்கு முன் யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை.

மூன்றாம் நாள் நடந்ததைத்தான் எல்லாவற்றிலும் சிறந்ததாக நான் கருதுகிறேன். 1910-இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனெரி மாநாட்டில், திருநெல்வேலிச் சீமை வெள்ளாளன்விளையில் பிறந்த வே. சா. அசரியா, மேல்நாட்டு மிஷனெரிகளின் முன்னால் நின்று, ஏழைகளுக்கு உங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உங்கள் சரீரங்களைச் சுட்டெரிக்கக் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டார். இந்தப் பேச்சைக் கிறிஸ்தவக் கூட்டங்களில் அடிக்கடி மேற்கோள் காட்டுவார்கள். அதைச் சொல்லும்போது நாம் அசரியாவின் பக்கம் நிற்பதாகவே நினைத்துக்கொள்வோம். பயிற்சியாளரோ அவருடைய வாழ்க்கையின் மறுபக்கத்தை எடுத்தார். 1903-இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியபோது முன்னின்றவர்களில் அவரும் ஒருவர். தெலுங்கு நாட்டின் தோர்ணக்கல்லுக்குத் தமிழ்ச் சபைகளின் காணிக்கையோடு போனவர். 1912-இல் அங்கேயே பேராயரானவர். அதாவது, வேற்று மொழிக்காரர்களிடம் பணத்தோடும் அதிகாரத்தோடும் போகிறவர்களின் வரிசையில் தமிழர்களும் நூறு ஆண்டுகளுக்கு மேலாக இருக்கிறோம். இன்றைக்கும் ஜார்க்கண்ட் மலைகளுக்கும் குஜராத்தின் பழங்குடிக் கிராமங்களுக்கும் நம் சபைப் பெண்களின் கைப்பிடி அரிசிக் காணிக்கையில் ஊழியர்கள் போகிறார்கள். அந்தக் கிராமங்களுக்கு நாம்தான் கோபன்ஹேகன்.

இதை வெறும் பேச்சாக விடாமல் ஒரு பயிற்சியாகச் செய்தார்கள். டெல்டா சபையினரில் பாதிப் பேர் அனுப்பும் குழுவாக ஒரு மேசையிலும், வட இந்தியாவில் பணியாற்றித் திரும்பிய சிலர் களச் சபையாக எதிர் மேசையிலும் உட்கார்ந்து அடுத்த ஆண்டுத் திட்டத்தைப் பேச வேண்டும். அனுப்பும் குழுவில் இருந்த எங்கள் ஆட்கள் கேட்ட முதல் கேள்வி, இந்த ஆண்டு எத்தனை ஞானஸ்நானம் என்பது. இரண்டாவது, புகைப்படம் ஏன் அனுப்பவில்லை என்பது. மூன்றாவதாக, அங்குள்ள மக்களுக்குத் தமிழ்க் கீர்த்தனைகளைக் கற்றுக்கொடுத்தீர்களா என்று ஒரு பெரியவர் உண்மையான ஆர்வத்தோடு கேட்டார். களச் சபையாக உட்கார்ந்தவர்கள் எதற்கும் மறுப்புச் சொல்லவில்லை. செய்கிறோம், அனுப்புகிறோம் என்று தலையாட்டிக்கொண்டே இருந்தார்கள். ஜெர்மன் விருந்தினர் முன்னால் நம் கமிட்டி எப்படி உட்கார்ந்திருக்குமோ அப்படியே அவர்களும் உட்கார்ந்திருந்தார்கள். கூட்டம் ஐக்கியமாக முடிந்தது என்று இருதரப்பும் குறிப்பில் எழுதியது. பிறகு களச் சபையினரிடம் தனியாக, நீங்கள் சொல்லாமல் விட்டது என்ன என்று எழுதச் சொன்னார்கள். ஊழியர் குடும்பத்தில் மலேரியா, அரசுப் பள்ளி ஆசிரியர் பல மாதமாக வராதது, ஞானஸ்நானத்தைப் படமெடுத்துப் பரப்பினால் அந்தக் குடும்பங்களுக்கு ஊரில் வரக்கூடிய ஆபத்து என்று பக்கம் நிரம்பியது.

எங்கள் உபதேசியார் அந்தத் தாளைப் படித்துவிட்டுப் போதகரிடம், "ஐயா, நாம தாங்குற ஊழியக்காரர் போன வருசம் எழுதுன கடுதாசிக்கு நம்ம கமிட்டியில என்ன பதில் போட்டோம்?" என்று கேட்டார். போதகர் ஐயா, "ஊருக்குப் போனதும் முதல்ல அதை எடுத்துப் பார்ப்போம், உபதேசியாரே" என்றார். அதைப் பார்த்துப் பதிலும் எழுதிவிட்டோம். எந்தக் கையேடும் செய்யாத வேலையை அந்த ஒரு மணி நேரம் செய்தது.

நான்காம் நாள் நாகப்பட்டினம் பக்கத்து மீனவக் கிராமங்களுக்கு அழைத்துச் சென்றார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமியில் நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதன் பிறகு உலகத்தின் எல்லாத் திசைகளிலிருந்தும், கிறிஸ்தவ அமைப்புகள் உட்பட, உதவி வந்து குவிந்தது. அந்த உதவி பல குடும்பங்களை நிமிர்த்தியது என்பதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் படகு கொடுப்பது படம் பிடிக்க வசதியான உதவி என்பதால், அமைப்புகள் போட்டி போட்டுக்கொண்டு கண்ணாடியிழைப் படகுகளைக் கொடுக்க, கடலில் அலைக்கு முன் இருந்ததைவிட அதிகப் படகுகள் ஆகிவிட்டன. உதவி பெரும்பாலும் ஊர்ப் பஞ்சாயத்து வழியாகப் பங்கிடப்பட்டது. அந்தப் பங்கு, வரி கட்டும் ஆண்களைத் தலைக்கட்டாகக் கொண்ட பழைய முறையில் அமைந்தது. ஆண் துணையில்லாத விதவைகளும், மீன்பிடித் தொழிலைச் சார்ந்து கூலி வேலை செய்த தலித் குடும்பங்களும், உப்பளத் தொழிலாளரும் பல இடங்களில் கணக்கிலேயே வரவில்லை. ஊர்த் தலைவர்களைக் கலந்துகொண்டோம், உள்ளூர் மக்களின் விருப்பப்படி செய்தோம் என்று அமைப்புகள் நல்ல மனதோடு எழுதிய அறிக்கைகளில் அவர்கள் இல்லை. ஒரு மூதாட்டி எங்களிடம் நிதானமாக, வருத்தமோ கோபமோ காட்டாமல், "வந்தவங்க நல்லவங்கதான் தம்பி, எங்கள யாரும் கூட்டிட்டுப் போயி அவங்ககிட்ட நிறுத்தல" என்றார்.

இந்த இடத்திலிருந்துதான் என் மனக்குறை தொடங்குகிறது. அந்த மூதாட்டி சொன்னது, டெல்டாவில் எந்தக் கூட்டு ஊழியத்துக்கும் மையமான கேள்வி. வெளியிலிருந்து வருகிறவர் நம்மில் யாரைச் சந்திக்கிறார்? ஆங்கிலம் பேசுகிறவரை, காரோடு திருச்சி விமான நிலையத்துக்குப் போய் அழைத்து வரக்கூடியவரை, வீட்டில் மேசை நாற்காலியும் மேற்கத்தியக் கழிப்பறையும் இருக்கிறவரை. அவர் பெரும்பாலும் ஒரே தெருக்காரராக இருப்பார். அவர் சொல்வதே சபையின் குரல் ஆகிவிடும். கடைமடைக் கிராமத்தில் நடவுக்குப் போகும் பெண்கள், கூட்டத்தில் பாதிக்கும் மேல் அவர்களாகவே இருந்தாலும், வரவேற்புப் பாட்டுப் பாடுவதோடு அவர்கள் பங்கு முடிந்துவிடும். இரண்டு நாடுகளுக்கு இடையே உள்ள பண்பாட்டு வேறுபாட்டைப் பற்றி இவ்வளவு நுணுக்கமாகப் பேசிய பயிற்சி, ஒரே ஊரில் தெருவுக்கும் தெருவுக்கும் இடையே உள்ள வேறுபாட்டுக்கு ஒரு வகுப்பைக்கூட ஒதுக்கவில்லை.

வரலாற்றுப் பாடத்திலேயே இதற்கு எத்தனையோ வாசல்கள் இருந்தன. தரங்கம்பாடி ஆலயத்தில் 18-ஆம் நூற்றாண்டிலேயே சாதிவாரியாக இடம் பிரித்து உட்கார்ந்தார்கள். தஞ்சை அரசரின் படையில் இருந்து, பிறகு உபதேசியாராகி, தஞ்சைப் பகுதிச் சபைகளை வளர்த்த இராசநாயக்கனுக்குக் குருப்பட்டம் கொடுக்கலாமா என்ற பேச்சு எழுந்தபோது, ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்த அவருடைய கையில் திருவிருந்து வாங்க மற்றவர்கள் இசைய மாட்டார்கள் என்ற தயக்கம் குறுக்கே வந்தது. 1741-இல் தியோகு என்ற வேறோர் உபதேசியார் குருப்பட்டம் பெற்றார். இராசநாயக்கன் கடைசிவரை உபதேசியாராகவே இருந்தார். 1833-இல் கல்கத்தாப் பேராயர் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு உடனே ஒழிய வேண்டும் என்று கட்டளை அனுப்பினார். அவர் சொன்னது நியாயம். ஆனால் அது தொலைவிலிருந்து வந்த கட்டளையாக இருந்ததால், தஞ்சையிலும் சென்னையிலும் மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் அதை வெளிநாட்டுத் திணிப்பு என்று சொல்லி எதிர்த்துப் பிரிந்து நிற்க வசதியாயிற்று. தமிழ்ப் பண்பாட்டைக் காப்பது என்ற பெயரில் சாதியைக் காப்பதும், சாதியை ஒழிப்பது என்ற பெயரில் தமிழர் பாட்டையும் பழக்கத்தையும் சேர்த்து ஒழிக்கப் பார்ப்பதும் தஞ்சையில் ஒரே காலத்தில் நடந்திருக்கின்றன. தஞ்சைக் கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியாருக்கும் புதிதாக வந்த மிஷனெரிகளுக்கும் இடையே எழுந்த பிணக்கில் இந்த இரண்டும் பின்னிக் கிடக்கின்றன. இன்றைக்கு ஒரு வெளிநாட்டுப் பங்காளர் இந்தச் சிக்கலில் எப்படி நடக்க வேண்டும், எப்போது பேச வேண்டும், யாருடைய அழைப்பின் பேரில் பேச வேண்டும் என்பதைவிட முக்கியமான பாடம் இந்தக் கரையில் வேறு இல்லை. 1968 கிறிஸ்துமஸ் நாளின் இரவில் கீழ்வெண்மணியில் நாற்பத்து நான்கு உயிர்கள் எரிந்த மண்ணுக்கு மிக அருகே இருந்துகொண்டு அதைக் கேட்காமல் கலைவது எனக்குச் சரியாகப் படவில்லை.

கடைசி நாள் கலந்துரையாடலில் இதை எங்கள் உபதேசியார் எழுந்து கேட்டார். அது உள் விவகாரம், வெளிநாட்டு விருந்தினர் முன்னால் வேண்டாம் என்று மேடையிலிருந்து மெதுவாகச் சொல்லி அமர்த்திவிட்டார்கள். விருந்தினராக வந்திருந்த சுவீடன் அம்மையார் ஒருவர் அடுத்த இடைவேளையில் அவரைத் தேடி வந்து, மொழிபெயர்க்க ஓர் இளைஞரையும் அழைத்து வைத்துக்கொண்டு, தேநீர் ஆறும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். மேடையில் நடக்க வேண்டிய பேச்சு அது.

வேறு சில குறைகளும் உண்டு. பயிற்சியைத் தை மாதத்தில் வைப்பது, ஐரோப்பியப் பங்காளர் குளிருக்குத் தப்பி வர வசதி என்பதற்காக என்று தெரிகிறது. டெல்டாவில் அது சம்பா அறுவடைக் காலம். கூலிக்கு அறுப்புக்குப் போகிறவரும், களத்தில் நெல்லைப் போட்டுவிட்டுக் கொள்முதல் நிலையத்தில் மூட்டைக்குக் காவல் இருக்கிறவரும் எப்படி வர முடியும்? வந்திருந்தவர்களில் சம்பளக்காரர்களும் ஓய்வு பெற்றவர்களுமே அதிகம் இருந்ததற்கு இதுவே காரணம். பங்குனி, சித்திரையில் வைத்தால் வெயில் கடுமைதான். ஆனால் வயலில் வேலை குறைந்த அந்த மாதங்களில் வர வேண்டியவர்கள் வருவார்கள். பெண்கள் கால் பங்குகூட இல்லை. கையேடு நல்ல தாளில் அச்சிடப்பட்டிருந்தாலும், ஆங்கிலத்தில் எழுதியதை வரிக்கு வரி மாற்றிய தமிழாக இருந்ததால், உபதேசியார்கள் அதை மூடி வைத்துவிட்டுப் பேச்சையே கவனித்தார்கள். பேச்சு, அதிர்ஷ்டவசமாக, நல்ல தமிழில் இருந்தது.

யாருக்கு இந்தப் பயிற்சி ஏற்றது என்று கேட்டால், வெளிநாட்டுச் சபையோடு ஏற்கெனவே தொடர்பு வைத்திருக்கிற சேகரங்களுக்கும், வடக்கே ஊழியர்களைத் தாங்குகிற ஜெபக் குழுக்களுக்கும் தயங்காமல் சொல்வேன். புதிதாக உதவி தேடுகிறவர்கள் நன்கொடையாளர்களின் முகவரி கிடைக்கும் என்று எண்ணிப் போக வேண்டாம். அப்படி எதுவும் அங்கே கொடுப்பதில்லை, கொடுக்காமல் இருப்பதும் நல்லதே. போகிறவர்கள் போதகரை மட்டும் அனுப்பாமல், கணக்கு எழுதுகிறவரையும், ஆங்கிலம் அறியாத கிராமச் சபைப் பெண் ஒருவரையும் சேர்த்து அனுப்ப வேண்டும். கடந்த மூன்று ஆண்டுத் தணிக்கை அறிக்கையையும், பங்காளர் சபையோடு நடந்த கடிதப் போக்குவரத்தையும் கையோடு கொண்டு போனால் ஒப்பந்த வகுப்பில் முழுப் பயன் கிடைக்கும்.

இங்கே எழுதிய குறைகளை நடத்துகிறவர்களுக்கும் கடிதமாக அனுப்பினோம். காலத்தை மாற்றுவது பற்றி யோசிப்பதாகவும், சாதியைப் பற்றிய வகுப்பைச் சேர்ப்பது குறித்துத் தங்கள் குழுவில் பேசுவதாகவும் மரியாதையாகப் பதில் எழுதியிருக்கிறார்கள். அந்த வகுப்பு பாடத்திட்டத்தில் ஏறியதும் எங்கள் சேகரத்திலிருந்து அடுத்த குழுவை அனுப்புவதென்றும், உபதேசியாரை அதில் பேசுகிறவர்களில் ஒருவராக அழைக்கும்படி கேட்பதென்றும் கமிட்டியில் தீர்மானித்திருக்கிறோம். பணத்தையும் ஒப்பந்தத்தையும் பற்றிய பாடம் மட்டும் உடனே தேவைப்படுகிற சபைகள் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை; வருகிற முகாமுக்கே பெயர் கொடுக்கலாம்.